அங் பாவும் மொய்யும்: கிள்ளான் பள்ளத்தாக்கு வணிகத்தில் அன்பளிப்பு மரபுகள்

முன்னுரை

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அச்சகம் நடத்தும் தமிழர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பல ஆண்டுகளாக அவருக்கு அச்சுப் பணிகளை வழங்கிவரும் சீன வாடிக்கையாளர் ஒருவர், கிள்ளானில் நடைபெறும் தம் மகளின் திருமண விருந்துக்கு அவரை அழைக்கிறார். அச்சகத்தார் சிவப்பு உறையொன்றைத் தேடி வாங்குகிறார். அதனுள் புத்தம்புதிய தாள்களாக 101 ரிங்கிட் வைக்கிறார். மண்டப வாயிலில் பெயர்ப்பட்டியலுடன் அமர்ந்திருப்போரிடம் இரு கைகளாலும் கொடுக்கிறார். உறையின் நிறம் சரி. கொடுத்த இடமும் முறையும் சரி. தொகையில்தான் சிக்கல் எழுகிறது.

தமிழர் மரபில் முழுத்தொகையோடு ஒன்றைக் கூட்டிக் கொடுப்பது மங்கலம். நூறு என்பது முடிந்துவிடுகிறது. நூற்றொன்று மேலும் வளரும் என்பது நம்பிக்கை. சீனர் வழக்கில் மங்கல நிகழ்வுகளுக்கு இரட்டைப்படைத் தொகையும் இறப்பு வீட்டுக்கு ஒற்றைப்படைத் தொகையும் உரியவை. நூற்றொன்று என்பது துக்க வீட்டில் வெள்ளை உறையில் வைத்துக் கொடுப்பதற்கு ஏற்றதாகக் கருதப்படும் தொகைகளுள் ஒன்று. ஆக, வாழ்த்தும் நோக்கத்துடன் கூட்டப்பட்ட அந்த ஒரு ரிங்கிட், வாங்குவோரின் கண்ணுக்கு இரங்கலாகத் தென்படக்கூடும். பல்லினச் சூழலில் பழகிய வாடிக்கையாளர் இதனைப் பெரிதுபடுத்தாமல் விடலாம். ஆனால் உறையைப் பிரித்துத் தொகையை ஏட்டில் எழுதும் அவருடைய தாயார் விட்டுவிடுவார் என்று சொல்வதற்கில்லை.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தொழில் செய்யும் தமிழருக்கு இத்தகைய நுண்வேறுபாடுகள் நாள்தோறும் எதிர்ப்படுகின்றன. அண்மைக் காலத்தில் இவற்றோடு மற்றொரு வினாவும் சேர்ந்துள்ளது. அந்த உறையைப் பெறுபவர் கடை முதலாளியாக இல்லாமல், ஒரு பெரு நிறுவனத்தின் கொள்முதல் அலுவலராக இருப்பின், அது அன்பளிப்பா, கையூட்டா? மரபு தரும் விடையும் சட்டம் தரும் விடையும் ஒன்றாக இல்லை. இவ்விரு வினாக்களையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் கொடையும் கைம்மாறும்

தமிழில் கொடை பற்றிய சிந்தனை மிகத் தொன்மையானது. ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே வள்ளுவர் ஒரு கோட்டினைக் கிழித்துவிடுகிறார். வறியவர்க்குக் கொடுப்பது மட்டுமே ஈகை. ஏனைய கொடைகளெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையவை என்பது அவர் கருத்து. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவதே குறியெதிர்ப்பை. அண்டை வீட்டில் ஒரு படி அரிசி வாங்கிப் பின்னர் ஒரு படி அரிசி கொடுப்பது போன்றது அது. வணிக அன்பளிப்பு இப்பாகுபாட்டில் எப்பக்கம் நிற்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. வங்கி மேலாளர் வறியவர் அல்லர்.

ஆயினும் குறியெதிர்ப்பை இழிந்தது என்று கொள்ளவேண்டியதில்லை. ஈகை ஆகாது என்பதே அதன் பொருள். தீது என்பது பொருளன்று. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான கொடை பற்றிய தம் கட்டுரையில், கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் கடப்பாடுகளாகப் பல சமுதாயங்களில் விளங்குவதை எடுத்துக்காட்டினார். பெற மறுப்பது உறவை மறுப்பதாகும் என்பதும் அவர் காட்டிய உண்மை. தமிழர்க்கு இதனை விளக்க மோஸ் தேவையில்லை. மொய்ப் புத்தகம் போதும்.

மொய் கடன் அன்று. ஆயினும் கடனைப் போலவே எழுதிவைக்கப்படுகிறது. பெயர், ஊர், தொகை ஆகியன அவையோர் காண ஏட்டில் ஏறுகின்றன. கொடுத்தவர் வீட்டில் நிகழ்வு வரும்போது ஏட்டைப் புரட்டிப் பார்த்து, பெற்ற தொகைக்குக் குறையாமல், இயன்றால் சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி போன்ற பகுதிகளில் ஆடி மாதத்தை ஒட்டி நடைபெறும் மொய்விருந்துகள், திருமணமோ காதணி விழாவோ இல்லாமலே முதல் திரட்டும் ஏற்பாடாகவும் வளர்ந்துவிட்டன. மலேசியாவில் ஒலிபெருக்கியில் மொய் அறிவிக்கும் வழக்கம் அருகிவிட்டது. உறைமேல் பெயரெழுதிக் கொடுக்கும் வழக்கமே பெரும்பான்மை. ஆனால் விருந்து முடிந்த இரவில் உறைகளைப் பிரித்து ஏட்டில் பதியும் பழக்கம் பல வீடுகளில் இன்றும் உண்டு. இவ்வழக்கத்தின் மூன்று கூறுகளை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். மொய் வெளிப்படையானது, எழுதப்படுவது, திரும்பச் செய்யத்தக்க அளவுடையது.

புறநானூற்றில் மற்றொரு நிகழ்ச்சி இப்பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்ற பெருஞ்சித்திரனாரை மன்னன் நேரிற் காணாமலே பொருள் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. காணாது கொடுத்த பொருளைப் பெறுவதற்குத் தாம் ஒரு ‘வாணிகப் பரிசிலன்’ அல்லர் என்றும், தம் தகுதியை அறிந்து கொடுப்பதாயின் தினையளவாயினும் இனிதே என்றும் அவர் கூறினார். ‘வாணிகப் பரிசில்’ என்பதைச் சங்கப் புலவர் ஒருவர் ஏளனச் சொல்லாகவே ஆண்டார் என்பது கருதத்தக்கது. பண்டிகைக்கு இரு வாரங்களுக்கு முன்னர், மோட்டார் சைக்கிளில் வரும் பணியாள் முன்மேசையில் வைத்துச் செல்லும் நிறுவனப் பரிசுக்கூடைகளைக் காணும்போதெல்லாம் இக்கட்டுரையாளருக்குப் பெருஞ்சித்திரனார் நினைவுக்கு வருகிறார்.

களம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இனங்கடந்த வணிக உறவு புதியதன்று. ராவாங் ஈயச் சுரங்கத்தில் 1890களில் மின்விசையைக் கொண்டுவந்த லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர் சீனர், மற்றவர் தமிழர். லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார் சீன முதலாளிகளுக்கும் கடன் கொடுத்தனர். இன்று ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் புடவை, பூமாலை, மளிகை விற்கும் கடைகளின் வாடிக்கையாளர், வீட்டு உரிமையாளர், வங்கியாளர், சரக்கு தருவோர் ஆகியோருள் மூவினத்தாரும் கலந்தே இருக்கின்றனர். 2010 அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’வாக இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜீப் ரசாக்கும் பங்கேற்ற விழாவில் திறந்துவைக்கப்பட்ட பின்னர், அலுவலகக் கோபுரங்களின் நிறுவனங்களும் தீபாவளிப் பலகாரங்களை இங்கேயே மொத்தமாக வாங்கித் தம் வாடிக்கையாளர்க்கு அனுப்புவது பெருகியது.

சீனர் வழக்கு: ஒலியே பொருளாதல்

சீனர்க்கு அன்பளிப்பு கொடுப்பதில் முதலில் அறியவேண்டியது பொருளின் விலையன்று, அதன் பெயரின் ஒலி. சுவர்க்கடிகாரம் கொடுப்பது என்னும் தொடர் மாண்டரின் மொழியிலும் கண்டோனீசிலும் இறுதிக்கடன் செய்வது என்னும் தொடரைப் போலவே ஒலிக்கிறது. குடை என்னும் சொல் பிரிவை நினைவூட்டும். பேரிக்காயும் அப்படியே. கத்தி, கத்தரிக்கோல் ஆகியன உறவை அறுப்பவை. இது நம்மவர்க்கும் எளிதில் விளங்கும். நான்கு என்னும் எண் சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்து ஒலிப்பதால் விலக்கப்படுகிறது. எட்டு செழிப்பைக் குறிப்பதால் விரும்பப்படுகிறது. புத்தகம் என்னும் சொல் தோல்வி என்னும் சொல்லோடு ஒலியொப்புமை உடையது. ஆகவே சீனப் புத்தாண்டு வேளையில் வணிகர் ஒருவருக்கு நூல் அன்பளிப்புச் செய்வது, இவ்வாண்டு நட்டம் வருக என்று வாழ்த்துவது போலாகும். எந்நிகழ்வுக்கும் தாம் எழுதிய நூலையே கொண்டுசெல்லும் நம் துறையினர் இதனை அறிந்திருப்பது நலம்.

இங்கே கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கோலாலம்பூர்ச் சீனரிடையே கண்டோனீஸ் வழக்கு மேலோங்கியது. கிள்ளான் ஹொக்கியன் நகரம். கண்டோனீஸ் மொழியில் மாண்டரின் ஆரஞ்சுப் பழத்தின் பெயர் பொன் என்னும் சொல்லோடு ஒலியொப்புமை உடையது. எனவே புத்தாண்டில் அப்பழங்களை இணையாகக் கொடுக்கின்றனர். ஹொக்கியன் மொழியில் அன்னாசிப் பழத்தின் பெயர் ‘செழிப்பு வருக’ என ஒலிப்பதால், கிள்ளான் கடைத் திறப்பு விழாக்களில் அன்னாசி வடிவ அலங்காரம் தொங்குவதைக் காணலாம். ஹொக்கியன் மக்கள் புத்தாண்டின் ஒன்பதாம் நாளை விண்ணக இறைவனுக்குரியதாகக் கரும்பு வைத்துக் கொண்டாடுவர். நம் பொங்கல் கரும்புக்குச் சில வாரங்கள் கழித்து அங்கே கரும்பு கட்டப்படுவதைக் கிள்ளான்வாசிகள் நன்கறிவர். ‘சீனர் வழக்கம்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிட இயலாது என்பதற்கு இவை சான்று.

கைம்மாறு இங்கேயும் உடனடியாகவே தொடங்குகிறது. புத்தாண்டில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களுடன் வருபவர் இரண்டு பழங்களுடனேயே திரும்புகிறார். வீட்டார் தம்மிடமுள்ள வேறிரு பழங்களை மாற்றித் தருகின்றனர். கணக்கில் எவருக்கும் ஏற்றமில்லை, இழப்பில்லை. ஆனால் உறவு புதுப்பிக்கப்பட்டுவிட்டது. தட்டை வெறுந்தட்டாகத் திருப்பாமல் சிறிது சர்க்கரையோ பழமோ இட்டுத் தரும் நம் வீட்டுப் பெண்டிர் செய்வதும் இதுவே. திருமண விருந்தில் அங் பாவ் தொகையைப் பெயருடன் ஏட்டில் பதியும் வழக்கமும் மொய்ப் புத்தகத்தை ஒத்தது. மேலும் சீனர் அன்பளிப்பை முதல்முறை நீட்டியவுடன் வாங்கிக்கொள்வதில்லை. ஓரிரு முறை மறுத்தபின் ஏற்பர். கொடுத்தவர் முன்னிலையில் பிரிப்பதுமில்லை. இம்மறுப்பை உண்மை மறுப்பென்று எண்ணித் திரும்ப எடுத்துச் செல்வது பெரும்பிழையாகும். ஆனால் உண்மையாகவே மறுக்கும் கடப்பாடுடைய அலுவலரிடம் மும்முறை வற்புறுத்துவதும் பிழையாகும் என்பதை இன்றைய நிலையில் சேர்த்துச் சொல்லவேண்டியுள்ளது.

மலாய்க்காரர் வழக்கு: கையும் உணவும்

மலாய் மொழியில் விருந்தாளி கொண்டுசெல்லும் அன்பளிப்புக்கு ‘புவா தாங்கான்’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘கையின் கனி’. பெரியோரைக் காணச் செல்வோர் கொண்டுசெல்லும் காணிக்கைப் பொருளைப் பழந்தமிழ் ‘கையுறை’ என்றது. இரு மொழிகளிலும் அன்பளிப்பு கையோடு பிணைந்திருப்பது இனிய ஒற்றுமை. கையூட்டு என்னும் சொல்லிலும் அதே கை இருப்பது இனிய ஒற்றுமையன்று. வெற்றிலை பாக்கிலும் இவ்வுறவு தொடர்கிறது. நாம் பாக்கு வைத்து அழைக்கிறோம். தாம்பூலம் மாற்றித் திருமணத்தை உறுதி செய்கிறோம். மலாய்க்காரரும் வெற்றிலைத் தட்டு வைத்தே பெண் கேட்கின்றனர்; பெண் கேட்டலைக் குறிக்கும் ‘மெமினாங்’ என்னும் மலாய்ச் சொல்லே பாக்கைக் குறிக்கும் ‘பினாங்’ என்பதிலிருந்து பிறந்ததாகும்.

அன்பளிப்பை வலக்கையால் கொடுத்தல், இடக்கையைத் தவிர்த்தல் ஆகியன நமக்கும் அவர்களுக்கும் பொது. மது, பன்றி இறைச்சி ஆகியவற்றை எவரும் தெரிந்து அனுப்பமாட்டார். தெரியாமல் அனுப்புவதே நடக்கிறது. மதுச்சாறு கலந்த சாக்லேட், விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த ஜெலட்டின் சேர்ந்த இனிப்பு, பன்றித்தோல் உள்ளறை வைத்த பணப்பை ஆகியன பரிசுக்கூடையின் அடியில் மறைந்திருக்கும். ஜாக்கிம் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குவது இதனால்தான் வழக்கமாயிற்று. நாய் உருவம் பொறித்த பொருள்களும் ஏற்புடையன அல்ல. நம்மவர் பெருமையுடன் கொடுக்கும் பிள்ளையார் சிலையும் குத்துவிளக்கும் முஸ்லிம் ஒருவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும். கொடுப்பவருக்கு அது கலைப்பொருள். பெறுபவருக்கு வழிபாட்டுப் பொருள். நிறத்திலும் சிறிது கவனம் வேண்டும். மஞ்சள் நமக்கு மங்கலம். மலாய் அரச மரபில் அது அரசர்க்குரிய நிறம். அரண்மனை நகராகிய கிள்ளானில் அரச நிகழ்வுகளுக்கு அழைக்கப்படும் தமிழ் வணிகர் மஞ்சள் பட்டு உடுத்திச் செல்லாதிருத்தல் முறை.

மலாய்த் திருமணங்களில் ‘சாலாம் காவுட்’ என்றொரு வழக்கம் உண்டு. விடைபெறும் விருந்தினர் வீட்டாரிடம் கைகுலுக்கும்போது, மடித்த பணத்தை உள்ளங்கையோடு வைத்துக் கொடுத்துவிடுவர். எவ்வளவு என்பதை வேறெவரும் அறியார். சிறு தொகை கொடுப்போர்க்கும் நாணம் ஏற்படாது. மொய்யின் வெளிப்படைத்தன்மைக்கு இது நேர் எதிரான நாகரிகம். அதற்குள் ஓர் அருளும் இருக்கிறது. விருந்தினரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ‘பூங்கா தெலோர்’ என்னும் முட்டையோ அதற்கு மாற்றான சிறு பொருளோ தரப்படும். நம் தாம்பூலப் பைக்கு நிகரானது அது. ஆனால் அதே கைகுலுக்கலைத் திருமண வீட்டிலிருந்து உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குக் கொண்டுசென்றால் அதன் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. செயல் ஒன்றே, சூழல்தான் வேறு. மலேசியத் தமிழரின் பேச்சிலும் இடம்பெறும் ‘காப்பிக் காசு’ என்னும் சொல், விருந்தோம்பலின் மொழியை இரவல் வாங்கியே இம்மாற்றத்தை மறைக்கிறது.

பச்சை உறையில் நோன்புப் பெருநாள் பணம் கொடுப்பது சீனரின் அங் பாவைப் பார்த்து மலாய்க்காரர் மேற்கொண்டது. தமிழரும் தீபாவளிக்கு ஊதா முதலிய நிறங்களில் விளக்கும் கோலமும் அச்சிட்ட உறைகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். வங்கிகள் மூன்று பண்டிகைகளுக்கும் உறை அச்சிட்டு வாடிக்கையாளர்க்கு வழங்குகின்றன. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: உணவின் தடைகள் நம் பக்கமும் உண்டு. சீனரின் மூன்கேக் விழா பெரும்பாலும் புரட்டாசியிலோ அதனை ஒட்டியோ வருகிறது. பன்றிக் கொழுப்புச் சேர்த்துச் செய்யும் பழைய முறைப் பண்டத்தைப் புரட்டாசி நோன்பிருக்கும் தமிழர்க்குச் சீன நண்பர் அனுப்புதலும், பெருநாளில் மாட்டிறைச்சி ரெண்டாங்கை மலாய் நண்பர் அனுப்புதலும் நிகழக்கூடியவையே. அன்போடு ஏற்று, அண்டை வீட்டாருக்கு அனுப்பிவிடுவதே இங்கு நெடுங்காலமாக நிலவும் நாகரிகம்.

வெளிநாட்டார்

1982இல் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’ அறிவிக்கப்பட்ட பின்னர் ஷா ஆலாம் முதலிய இடங்களில் ஜப்பானிய நிறுவனங்களோடு பழகும் வாய்ப்பு நம்மவர்க்குப் பெருகியது. ஜப்பானியர் கோடையிலும் ஆண்டிறுதியிலும் முறைப்படி அன்பளிப்புச் செய்வர். உறையிடும் நேர்த்தி பொருளுக்கு இணையான மதிப்புடையது. நான்கும் ஒன்பதும் விலக்கு எண்கள். இரங்கற்பணம் பெற்ற குடும்பம் ஏறத்தாழ அதன் பாதி மதிப்பில் பொருள் திருப்பி அனுப்புவது அவர்தம் வழக்கம். முழுமையாகத் திருப்பினால் உறவு முடிந்துவிடும், ஒன்றும் திருப்பாவிடில் கடன் நின்றுவிடும் என்பதற்கிடையே கண்ட அளவு இது எனலாம். ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனத்தார் அன்பளிப்பைக் கண்முன்னே பிரித்து மகிழ்ச்சி தெரிவிப்பர், அது பேராசையன்று.

வருகை தரும் எவருக்கும் இடரின்றிக் கொடுக்கத்தக்கதாக இந்நாட்டில் நிலைபெற்றுவிட்டது பியூட்டர் எனப்படும் வெள்ளீயக் கலவைப் பொருள். 1885இல் சீனாவிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த யோங் கூன் தொடங்கிய தொழிலே இன்றைய ராயல் சிலாங்கூர். அதனை உண்ண முடியாது, வழிபட முடியாது, இந்நிலத்தின் ஈயத்தை நினைவூட்டும். சீனர்க்குக் கொடுக்கும்போது கடிகாரம் பதித்ததைத் தேர்ந்தெடுக்காமல் இருந்தால் போதும்.

வழக்காறும் சட்டமும்

இதுவரை கூறியவை யாவும் மரபறிவு. இனிக் கூறவிருப்பது மரபறிவால் மட்டும் தீராதது. 2009ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் கையூட்டுக்குத் தரும் வரையறை மிக விரிந்தது. பணம், நன்கொடை, அன்பளிப்பு, கடன், கழிவு, தள்ளுபடி, வேலைவாய்ப்பு, சேவை, சலுகை என யாவும் அதனுள் அடங்கும். அரசு அலுவலர்க்குக் கொடுப்பது மட்டுமே குற்றம் என்று நம் வணிகரிடையே ஒரு கருத்து நிலவுகிறது; அது தவறு. தனியார் நிறுவனத்தின் கொள்முதல் அலுவலர், தம் முதலாளியின் அலுவல் தொடர்பில் தூண்டுதலாகவோ வெகுமதியாகவோ எதனையும் பெறுவதும், அவருக்குக் கொடுப்பதும் அச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகலாம். மேலும், கொடுத்ததும் பெற்றதும் மெய்ப்பிக்கப்பட்டால், அது ஊழல் நோக்கத்துடன் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் முதற்கண் கொள்ளும். அன்று என்று காட்டும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சாரும்.

இப்பொருளில் மிகவும் முக்கியமான விதி, அதிகம் பேசப்படாத ஒன்றாகும். குறிப்பிட்ட தொழிலிலோ வணிகத்திலோ சமூக நிகழ்விலோ இத்தகைய கொடை வழக்கமானது என்று காட்டும் சான்றினை இச்சட்டத்தின்கீழ் நடைபெறும் வழக்கில் ஏற்க இயலாது என அச்சட்டமே கூறுகிறது. அஃதாவது, ‘தீபாவளிக்குக் கொடுப்பது எங்கள் மரபு’ என்று ஒருவர் நீதிமன்றத்தில் கூறினால் அக்கூற்றுக்கு அங்குச் செவியில்லை. அங் பாவுக்கும் இல்லை. சாலாம் காவுட்டுக்கும் இல்லை. இது கடுமையானதாகத் தோன்றலாம். ஆனால் மூவினப் பண்டிகைகளும் திருமணங்களும் ஆண்டு முழுவதும் தொடரும் நாட்டில், வழக்காற்றைச் சான்றாக ஏற்றால் எந்தக் கையூட்டுக்கும் ஒரு பண்டிகை கிடைத்துவிடும் என்பதை மறுக்க இயலாது. மரபின் மீது சட்டம் கொண்ட வெறுப்பாக இதனைக் காணவேண்டியதில்லை. மரபைக் கவசமாகப் பயன்படுத்துவோர் மீது கொண்ட ஐயம் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

2018இல் சேர்க்கப்பட்டு 2020 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 17ஏ பிரிவு, இதன் சுமையை நிறுவனத்தின் மீதே ஏற்றியது. நிறுவனத்துக்காக ஒப்பந்தமோ ஆதாயமோ பெறும் நோக்கில், அதனோடு தொடர்புடைய ஒருவர் கையூட்டு கொடுத்தால் நிறுவனமே குற்றவாளியாகும். தண்டம், கொடுத்த மதிப்பின் 10 மடங்கு அல்லது 10 இலட்சம் ரிங்கிட், இவற்றுள் எது கூடுதலோ அது, 20 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். இயக்குநரும் பங்குதாரரும் நிருவாகத்தில் பொறுப்புடையோரும் குற்றம் புரிந்தவராகவே கருதப்படுவர். தம் இசைவின்றி நிகழ்ந்தது என்றும், தடுப்பதற்கு உரிய கருத்தோடு செயற்பட்டதாகவும் அவரே மெய்ப்பிக்க வேண்டும். அண்ணன், தம்பி, மைத்துனர் சேர்ந்து நடத்தும் கூட்டு வணிகமும் இதற்கு விலக்கன்று. விற்பனைப் பணிக்கு அமர்த்திய இளைஞன் எங்கோ கொடுத்த உறைக்கு, கடையில் அமர்ந்திருக்கும் பெரியவர் விடை கூற நேரலாம். நம் குடும்ப வணிகங்கள் இதனை இன்னும் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. நிறுவனத்துக்குள்ள ஒரே தற்காப்பு, போதிய தடுப்பு நடைமுறைகளைக் கொண்டிருந்ததை மெய்ப்பிப்பதாகும்.

அரசு அலுவலர்க்கு விதிகள் முன்னரே இருந்தன. 1993ஆம் ஆண்டின் நடத்தை ஒழுங்கு விதிகள், அன்பளிப்பின் வடிவமும் மதிப்பும் அது கொடுக்கப்படும் நோக்கத்துக்குப் பொருந்தாதிருப்பின் ஏற்கலாகாது என்றன. மறுக்க இயலாத சூழலில் ஏற்றால் துறைத்தலைவருக்கு எழுத்து வழி அறிவித்தல் வேண்டும். 1998இல் வெளிவந்த சுற்றறிக்கை, மாத ஊதியத்தின் கால்பங்கு அல்லது 500 ரிங்கிட், இவற்றுள் குறைந்ததனை மதிப்பெல்லையாகக் காட்டியது. பெட்ரோனாஸ் உள்ளிட்ட பெரு நிறுவனங்கள் தம் ஊழியர்க்கு ‘அன்பளிப்பு இல்லை’ என்னும் கொள்கையையே வகுத்துள்ளன. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டமும் பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் நாடு கடந்து பாய்வன. ஆகவே அந்நாட்டு நிறுவனங்களின் கோலாலம்பூர்க் கிளைகளும் இதில் கண்டிப்பானவை.

அவ்வாறாயின் தமிழ் வணிகர் தீபாவளிக்கு முறுக்கு டப்பா கொடுப்பதை நிறுத்திவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மொய்யின் மூன்று கூறுகளை இங்கே மீண்டும் கொணரலாம். முதலாவது வெளிப்படை. தனியொருவரின் வீட்டுக்கு அனுப்புவதினும் அலுவலகத்தின் பெயருக்கு, அனைவரும் பகிர்ந்துண்ணத்தக்க பலகாரமாக அனுப்புதல் மேல். பெறுபவர் தம் மேலாளர் முன்னிலையில் பிரிக்க இயலாத பொருளை அனுப்பாதிருத்தலே தக்க அளவுகோல். இரண்டாவது பதிவு. யாருக்கு, எந்நாளில், என்ன, எவ்வளவு மதிப்பில் என்று எழுதிவைத்தல். பெரு நிறுவனங்கள் அன்பளிப்புப் பதிவேடு என்று இன்று வலியுறுத்துவது இதனையே. நம் பாட்டன்மார்க்கு மொய்ப் புத்தகம் எழுதத் தெரிந்திருந்தது. ஒரு வேறுபாடு உண்டு: அந்தப் புத்தகம் கைம்மாறு செய்வதற்காக எழுதப்பட்டது, இந்தப் பதிவேடு கைம்மாறு எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக எழுதப்படுகிறது. மூன்றாவது அளவு. பெறுபவர் அடுத்த பண்டிகையில் இயல்பாகத் திருப்பிச் செய்யக்கூடிய மதிப்பைக் கடந்துவிட்டால், அது குறியெதிர்ப்பை நிலையையும் கடந்துவிடுகிறது. பிறகு அதனைப் பொருளால் திருப்ப முடியாது. முடிவெடுக்கும் அதிகாரத்தால்தான் திருப்ப முடியும். கையூட்டு பிறக்கும் இடம் அதுவே.

இவற்றோடு காலமும் ஒரு கூறு. ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டுள்ள வாரங்களில், உரிமம் புதுப்பிக்கும் மாதத்தில், நிலுவைக் கணக்கு பேச்சில் இருக்கும்போது எதுவும் கொடுக்காதிருத்தல் நன்று, அது தீபாவளி வாரமாகவே இருப்பினும். பணமாகவோ பணத்துக்கு நிகரான பற்றுச்சீட்டாகவோ வணிகத் தொடர்புடையோர்க்குக் கொடுப்பதை அறவே தவிர்த்தல் வேண்டும். வாடிக்கையாளரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பண்டிகை உறை இவ்விதியில் சிக்கலான ஒன்று. மூவினத்தாரும் குழந்தைகளுக்குக் கொடுப்பதை மனமுவந்தே செய்கின்றனர். இரண்டு ரிங்கிட்டோ ஐந்து ரிங்கிட்டோ வைத்த உறை எவரையும் உறுத்தாது. அதே உறையில் 500 ரிங்கிட் இருப்பின் அது குழந்தைக்கு உரியதன்று என்பது குழந்தைக்கே தெரியும்.

திறந்த இல்ல உபசரிப்பு மலேசியர் தமக்கென உருவாக்கிக்கொண்ட வழக்கம். கதவு திறந்திருக்கிறது, வாடிக்கையாளரும் வருகிறார், வங்கியாளரும் வருகிறார், அண்டை வீட்டாரும் ஓட்டுநரும் வருகின்றனர், அனைவர்க்கும் ஒரே இட்டலி, ஒரே கோழிக்கறி. எவருக்கும் தனிச்சிறப்பில்லாத இவ்விருந்து ஐயத்துக்கு இடமளிப்பது அரிது. தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் உயர்தர விடுதியில் அளிக்கப்படும் விருந்து அவ்வாறன்று. பெருஞ்சித்திரனார் கேட்டதும் கண்டு கொடுக்கும் கொடையைத்தான். திறந்த இல்லத்தில் விருந்தளிப்பவர் வாயிலில் நின்று ஒவ்வொருவரையும் காண்கிறார்.

தீபாவளி நெருங்கும்போது, அன்பளிப்புகளை அனுப்ப வேண்டா என்று பெரு நிறுவனங்களிடமிருந்து கடிதம் வருவது இன்று பலர்க்கும் பழகிவிட்டது. சில பெரியவர்கள் இதனை அவமதிப்பாகக் கொள்கின்றனர். கொடுத்ததைப் பெற மறுப்பது நம் மரபில் பகைமையின் குறி அல்லவா? அவர்களிடம் அக்கடிதத்தை விளக்கிச் சொல்லும் பொறுப்பு அடுத்த தலைமுறையினருக்கு உண்டு. பலகாரத்தை மறுக்கும் நிறுவனமும் அதனை வெறுமனே திருப்பி அனுப்பாமல், கையெழுத்திட்ட நன்றிக் கடிதம் ஒன்றையும் சேர்த்து அனுப்பலாம். தட்டு வெறுந்தட்டாகத் திரும்பியதாக இராது.